ஈரத்தை வெல்லப் பிறந்த பொறி
குளிரூட்டியின் வரலாறும் வீட்டுப் பூஞ்சணமும்

குளிரூட்டி என்றதும் வெயிலும் வியர்வையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அப்பொறி வெயிலை வெல்லத் தோன்றியதன்று. காற்றிலுள்ள ஈரத்தை அடக்குவதற்கே அது முதன்முதலில் செய்யப்பட்டது. குளிர்ச்சி அதனோடு வந்த உடன்பயனே. இவ்வுண்மையை மறவாதிருந்தால், இன்று நம் வீடுகளில் குளிரூட்டியின் வாயிலும், அறையின் மூலைச் சுவரிலும், துணி அலமாரியின் முதுகிலும் கறுப்பும் பச்சையுமாகப் பூத்துக் கிடக்கும் பூஞ்சணத்தின் காரணம் எளிதில் விளங்கும். ஈரத்தைப் போக்கப் பிறந்த ஒன்று ஈரத்துக்கே உறைவிடமாக எவ்வாறு மாறிற்று? இக்கேள்விக்கு விடை வரலாற்றில் இருக்கிறது.

முதலில் பூஞ்சணத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1665ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் இராபர்ட் ஹூக், தாம் கண்ட நுண்ணுருக்களையெல்லாம் படமாக வரைந்து ஒரு நூல் வெளியிட்டார். அதிலே ஒரு சிறு புத்தகத்தின் சிவந்த தோலட்டையில் படர்ந்திருந்த பூஞ்சணமும் இடம்பெற்றது. வெறுங்கண்ணுக்கு அழுக்குப் புள்ளியாகத் தோன்றியது, உருப்பெருக்கிக்கு அடியில் தண்டும் தலையும் உடைய சிறு காடாக அவருக்குக் காட்சியளித்தது. அத்தலைகளிலிருந்து உதிரும் வித்துத்துகள் எங்கும் உள்ளது. நாம் மூச்சுவிடும் காற்றில் அஃது இல்லாத இடமே இல்லை. அதற்கு வேண்டிய உணவும் எங்கும் உள்ளது. தாள், பசை, தோல், துணி, சுவர்ச் சாயம், ஏன், வெறும் தூசியே அதற்குப் போதும். வித்தைத் தடுக்க நம்மால் இயலாது. உணவை முற்றாக அகற்றவும் இயலாது. நம் கையில் இருப்பது நீர் ஒன்றே.

நீர் என்றால் சொட்டும் நீர் என்று பொருளன்று. குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று ஏற்கக்கூடிய நீராவி எவ்வளவோ, அதில் நூற்றுக்கு எத்தனை பங்கு இப்போது உள்ளது என்பதையே ஈரப்பதம் என்கிறோம். ஒரு பொருளின் மேற்பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் சில நாள் தொடர்ந்து நின்றால், ஒரு துளி நீரும் கண்ணுக்குத் தெரியாமலே பூஞ்சணம் முளைத்துவிடும். நம் நாட்டிலோ திங்கள் சராசரி ஈரப்பதமே 70 முதல் 90 விழுக்காடு வரை உள்ளது. வடகிழக்குப் பருவமழை பொழியும் நவம்பர் முதல் மார்ச்சு வரையுள்ள காலத்தில் கிளந்தான், திரெங்கானு மக்கள் படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

ஈரத்தோடு போராடும் கலை நம்மவர்க்குப் புதிதன்று. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையைக் கற்பிக்கும் தமிழாசிரியர்கள் ஒரு காட்சியை நினைவுகூர்வர். வாடைக் காலத்துத் தண்மையால் யாழின் நரம்பு தன் இனிய குரல் திரிந்துவிடுகிறது. மகளிர் தம் மார்பின் வெம்மையில் அதனைத் தடவிச் சூடேற்றிய பின்னரே பண் நிற்கிறது. பருவம் மாறும்போது பொருள்களின் அளவும் இறுக்கமும் மாறும் என்பதையும், சிறிது வெம்மை அதனைச் சீர்ப்படுத்தும் என்பதையும் நம் புலவர் கண்டிருந்தார். ஏட்டுச்சுவடி வைத்திருந்த குடும்பங்கள் அடுப்பங்கரைக்கு மேலுள்ள பரணில் சுவடிக் கட்டுகளைப் போற்றியதும், எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசியதும் இவ்வறிவின் தொடர்ச்சியே ஆகும். புகையும் வெம்மையும் எட்டிய ஏடுகளைப் பூச்சியும் பூஞ்சணமும் எளிதில் நெருங்கவில்லை.

தோட்டத்தில் வாழ்ந்த நம் மக்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பால்மரக் காலத்தில் தோட்டந்தோறும் ஒரு புகைவீடு இருந்தது. அமிலம் விட்டு உறையவைத்த பாலை உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, நீர் வடியவிட்டு, புகைவீட்டின் கம்புகளில் தொங்கவிடுவர். ஏறத்தாழ 60 பாகை வரை வெம்மை ஏற்றி, நான்கு நாள் அளவு புகைபோடுவர். அடியில் எரியும் விறகின் வெம்மை ஷீட்டின் ஈரத்தை வெளியேற்றும். புகையிலுள்ள கார்ப்பொருள் பூஞ்சணத்தைத் தடுக்கும். மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்த ஷீட்டு, கட்டிவைத்த சில நாளிலேயே சாம்பல் பூத்ததுபோல் ஆகும். பூஞ்சணம் கண்ட ஷீட்டுக்குத் தரம் குறையும். தரம் குறைந்தால் விலை குறையும். ஆகவே பாராநைட்ரோஃபீனால் என்னும் மருந்து கலந்த நீரிலும் ஷீட்டை நனைத்தெடுத்தனர். மருந்து ஒருபுறம் இருக்க, உலர்த்துதலே முதற்காப்பு என்பதைப் புகைவீட்டுக்காரர் ஒவ்வொருவரும் அறிவர். தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபின் பல புகைவீடுகள் இடிந்துபோயின. அவற்றோடு அந்த அறிவும் போய்விட்டதோ என்று ஐயுற வேண்டியுள்ளது.

மலாய் மக்களின் மரவீடு வேறொரு வழியைக் கையாண்டது. தூண்களின்மேல் உயர்த்திய தரை, பலகைகளுக்கிடையே இடைவெளி, கூரையடியில் காற்றுவழி என்று அமைந்த அவ்வீட்டில் காற்று ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். உள்ளும் புறமும் ஒரே வெப்பநிலையாதலால் குளிர்ந்த சுவர் என்பதே அங்கு இல்லை. குளிர்ந்த சுவர் இல்லாத இடத்தில் நீராவி படிவதில்லை. இது பின்னர் நமக்கு வேண்டிய செய்தியாதலின் வாசகர் மனத்தில் கொள்க.

ஈரத்தை வெல்லுமுன் அதனை அளக்கவேண்டும். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் சொசூர் மனிதனின் தலைமயிர் ஈரத்தில் நீள்வதையும் உலர்ச்சியில் சுருங்குவதையும் கண்டு, 1783இல் மயிரிழையைக்கொண்டு ஓர் அளவுகருவி அமைத்தார். 1825இல் ஜெர்மானியரான ஆகஸ்ட் என்பார் இரண்டு வெப்பமானிகளைப் பக்கம் பக்கமாக வைத்து, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, இரண்டும் காட்டும் வேற்றுமையைக்கொண்டு ஈரப்பதத்தைக் கணிக்கும் முறையைப் பரப்பினார். காற்று உலர்ந்திருந்தால் துணியின் நீர் விரைந்து ஆவியாகும். அந்தக் குமிழ் மிகவும் குளிரும். காற்று ஈரமாயிருந்தால் இரண்டு வெப்பமானிகளும் ஏறத்தாழ ஒன்றையே காட்டும். பள்ளிப் பிள்ளைகளும் செய்து பார்க்கத்தக்க இந்த எளிய கருவியே பின்வரும் கதைக்கு அடிப்படை.

அமெரிக்க நாட்டில் நியூயார்க்கு மாநகரின் புருக்ளின் பகுதியில் சாக்கெட்-வில்லெல்ம்ஸ் என்னும் அச்சகம் இருந்தது. வண்ணப்படங்கள் அச்சிடுவது அதன் தொழில். அக்காலத்தில் ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியாக, ஒரே தாளின்மேல் மீண்டும் மீண்டும் அச்சிடவேண்டும். கோடைக்காலத்து ஈரக்காற்றில் தாள் விரியும். காய்ந்த நாளில் சுருங்கும். காலையில் மஞ்சள் வண்ணம் ஏறிய தாள் மாலையில் சிவப்பு ஏறும்போது மயிரிழை நீண்டிருக்கும். மயிரிழை பிசகினாலும் உதடு ஓரிடத்திலும் உதட்டின் சிவப்பு வேறிடத்திலுமாகப் படம் கெட்டுவிடும். அச்சகத்தார்க்குக் குளிர்ச்சி தேவைப்படவில்லை. ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் 55 விழுக்காட்டில் அசையாது நிற்கவேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.

அவ்வேலை பஃபலோ ஃபோர்ஜ் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது. 1876இல் பிறந்த அவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று ஓராண்டே ஆகியிருந்தது. 1902ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாளிட்ட அவருடைய வரைபடங்களே குளிரூட்டியின் பிறப்புச் சான்று எனப் பெரும்பாலோர் கொள்வர். குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருள்களின்மேல் காற்றைச் செலுத்தினார் கேரியர். குளிர்ந்த செம்பின் புறத்தே நீர் துளிர்ப்பதுபோல, காற்றிலுள்ள நீராவி அச்சுருள்களில் படிந்து வடிந்தது.

அதே ஆண்டின் இறுதியில் பிட்ஸ்பர்க்கு நகரத்துப் புகைவண்டி நிலையத்தில் மூடுபனியினிடையே நின்றபோது அவருக்கு மற்றொன்று புலப்பட்டதாம். மூடுபனி என்பது நீர் நிறைந்த காற்று. ஆயினும் பனி குளிர்ந்ததாயிருந்தால், அதிலுள்ள நீராவியின் மொத்த அளவு சிறிதே. அப்படியானால் குளிர்ந்த நீரைப் பனிபோல் தூவி, அதனூடே காற்றைச் செலுத்தினால் காற்று உலரும்! நீரைக்கொண்டே காற்றை உலர்த்தலாம் என்னும் இந்த முரண்பட்ட கருத்துக்கு 1906இல் காப்புரிமை கிடைத்தது. 1911இல் காற்று, வெப்பம், ஈரம் ஆகிய மூன்றின் உறவையும் சூத்திரங்களாக வகுத்து அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின்முன் அவர் ஒரு கட்டுரை படித்தார். இரண்டு வெப்பமானிகளின் பழைய பாடம் அங்கே கணிதமாக மலர்ந்தது.

கேரியரின் முறையில் வாசகர் உற்றுநோக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. காற்றை முதலில் நன்கு குளிர்வித்து, வேண்டிய அளவு நீரை வடித்துவிடுவது ஒரு செயல். பின்னர் அக்காற்றை அறைக்கு ஏற்ற வெப்பநிலைக்கு மீண்டும் இளஞ்சூடாக்குவது மற்றொரு செயல். ஈரமும் வெப்பமும் தனித்தனிக் கடிவாளங்களால் ஆளப்பட்டன. நூற்பாலைகளும் புகையிலைக் கூடங்களும் இம்முறையை விரும்பி ஏற்றன. குளிரூட்டுதலைக் குறிக்க இன்று உலகம் வழங்கும் ஆங்கிலச் சொல்லைப் படைத்த ஸ்டூவர்ட் கிரேமர் என்பாரும் நூற்பாலைப் பொறியாளரே. 1906இல் அவர் அச்சொல்லை ஆண்டபோது, நூல் அறாமலிருக்கக் காற்றுக்கு ஈரம் சேர்த்துப் பதப்படுத்துவதையே கருதினார். நம் மக்கள் ஏர்கோன் என்று சுருக்கிச் சொல்லும் சொல்லுக்குக் 'காற்றைப் பதப்படுத்தல்' என்பதே நேர்ப்பொருள். குளிர் என்ற பேச்சு அதில் இல்லை.

தொழிற்சாலையிலிருந்து திரையரங்குக்கும், திரையரங்கிலிருந்து வீட்டுக்கும் பொறி நடந்தபோதுதான் மாற்றம் நேர்ந்தது. 1925இல் நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கம் கேரியரின் பொறியைப் பொருத்திக்கொண்டது. மக்கள் ஈரப்பதத்தைக் கேட்டு நுழைவுச்சீட்டு வாங்கவில்லை, குளிர்ச்சிக்காக வாங்கினர். 1930களில் சன்னலில் பொருத்தும் சிறு பொறிகள் வந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அவை பெருகின. வீட்டுப் பெட்டியில் இடமும் குறைவு, விலையும் குறைய வேண்டும். குளிர்வித்த காற்றை மறுபடியும் சூடேற்றுவது மின்கட்டணம் செலுத்துவோர்க்கு வீண்செலவாகத் தோன்றுவது இயல்பே. எனவே இரண்டு கடிவாளங்களில் ஒன்று கழற்றப்பட்டது. வெப்பநிலை அறியும் கருவி ஒன்றே பொறியை ஆண்டது. அறை குளிர்ந்தால் பொறி நிற்கும். ஈரம் போயிற்றா என்று அது கேளாது. நம் வீட்டுப் பூஞ்சணத்தின் வரலாற்றுக் காரணம் இந்தக் கழற்றலே என்பது என் துணிபு.

நம் பகுதிக்கும் இப்பொறி போருக்கு முன்பே வந்துவிட்டது. சிங்கப்பூரில் 1939இல் திறக்கப்பட்ட கதே திரையரங்கு குளிரூட்டப்பட்ட அரங்கமாகப் புகழ்பெற்றது. 1959இல் பிரதமரான லீ குவான் இயூ, அரசாங்க ஊழியர் பணியாற்றும் கட்டடங்களில் குளிரூட்டி அமைத்ததே தாம் செய்த முதல் வேலை என்று பிற்காலத்தில் கூறினார். வெப்பநாட்டின் வளர்ச்சிக்கு அதனை அவர் இன்றியமையாததாகக் கருதினார். கடன்முறையில் பொருள் வாங்கும் வசதி வந்தபின், அலுவலகத்துப் பொறி தாமான் வீடுகளின் படுக்கையறைக்கும் வந்தது. வெளிக்காற்றை நம்பிக் கட்டிய வீட்டில், காற்றை அடைத்து ஆளவேண்டிய பொறி குடியேறிற்று. சுவரில் காற்றுத் துளைகள் அப்படியே இருக்க, குளிரூட்டி ஓடும் வீடுகளை இன்றும் காணலாம்.

இனி நம் படுக்கையறைக்கு வருவோம். 12 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரமுள்ள ஓர் அறையில், 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், அக்காற்றில் மட்டும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக மறைந்திருக்கிறது. அதனை 24 பாகைக்கும் 60 விழுக்காட்டுக்கும் கொண்டுவர வேண்டுமானால், அந்நீரில் ஏறத்தாழப் பாதியை வெளியேற்ற வேண்டும். கதவிடுக்கில் புகும் புதுக்காற்றும், உறங்குவோரின் மூச்சும் இடைவிடாது மேலும் நீர் சேர்த்துக்கொண்டிருக்கும். பொறி நின்று நிதானமாக ஓடினால் இவ்வளவையும் வடித்துவிடும். வெளிச்சுவரில் சொட்டும் குழாயே அதற்குச் சான்று.

ஆனால் கடைக்காரர் சொன்னார் என்று சிறிய அறைக்கு இரண்டு குதிரைத்திறன் பொறியைப் பூட்டுவோர் உளர். அது சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்துவிட்டு ஓய்வெடுக்கும். சுருளில் அப்போதுதான் நீர் துளிர்த்திருக்கும். வடிவதற்குள் பொறி நின்றுவிடும். விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்க, சுருளின் நீர் மீண்டும் ஆவியாகி அறைக்கே திரும்பும். அறை குளிர்ந்தும் பிசுபிசுப்பாக இருக்கிறது என்று சொல்வோர் இக்குற்றத்தையே உணர்கின்றனர். போதவில்லையென்று 16 பாகைக்கு இறக்கினால் நிலைமை மேலும் கெடும். நம் வெளிக்காற்றின் நீராவி பல இரவுகளில் 24 பாகையளவு குளிர்ந்த பரப்பிலேயே நீராகப் படியத்தக்கது. 18 பாகைக்குக் குளிர்ந்த சுவர், ஐஸ் நீர் ஊற்றிய கோப்பைக்கு ஒப்பாகும். அச்சுவரின் மறுபுறம் குளியலறையோ சமையலறையோ இருந்தால், பூஞ்சணம் அங்கே பூக்கும். குற்றம் செய்தது ஓர் அறை, தண்டம் பெறுவது மற்றோர் அறை! மலாய் மரவீட்டில் இல்லாத குளிர்ந்த சுவரை நாமே காசு கொடுத்து உண்டாக்கிக்கொள்கிறோம். ஆகவே 24, 25 பாகையில் வைத்து மேல்விசிறியையும் மெல்லச் சுழலவிடுவதே நம் நாட்டுக்கு ஏற்றது. உலர்த்தும் முறை என்று தொலைக்கட்டுப்பாட்டில் நீர்த்துளிப் படத்தோடு இருக்கும் பொத்தானைப் பலர் தொட்டதே இல்லை. மழை பெய்து வெளியே குளிர்ந்திருக்கும் இரவுகளுக்கு அதுவே உரியது.

பொறியின் உட்புறம் வேறொரு களம். குளிர்ந்த சுருள், அதன்கீழ்த் தட்டு, காற்றைத் தள்ளும் உருளை விசிறி ஆகிய மூன்றும் இருளிலும் ஈரத்திலும் கிடப்பவை. வடிகட்டியைத் தாண்டிவரும் தூசி அவற்றில் படிந்தால் உணவும் ஆயிற்று. வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்திப் பொருத்தினால் பாதித் தொல்லை குறையும். ஈரத்தோடு பொருத்துவது வித்துக்கு நீர் வார்ப்பதாகும். வடிகுழாய் வழியெல்லாம் சரிந்து இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். நடுவில் வளைந்து நீர் தேங்கினால் பாசிபோன்ற கசடு அடைத்துக்கொண்டு, தட்டு நிரம்பிச் சுவரில் வழியும். உருளை விசிறியின் இதழ்களில் கறுப்புப் புள்ளி கண்டால், மேலே துடைத்துப் பயனில்லை. கழற்றிக் கழுவும் தொழிலறிந்தவரை அழைக்கவேண்டும். பிளீச்சை நாமே பீய்ச்சுவது நன்றன்று. அலுமினியத் தகடு அரிக்கப்படும். அதன் ஆவி பின்னர் நம் மூச்சில் கலக்கும். சுவரின் சிறு பூஞ்சணத்துக்குச் சவர்க்கார நீரும் நல்ல உலர்த்தலும் போதும். மெத்தையிலும் அட்டைக் கூரையிலும் ஊறிவிட்டதை அகற்றிவிடுவதே தகும்.

பொறியை நிறுத்தும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. காலையில் எழுந்தவுடன் குளிரூட்டியை அணைத்துச் சன்னலைத் திறப்பது நம் வழக்கம். குளிர்ந்திருக்கும் சுவரின்மேல் வெளியின் ஈரக்காற்று உடனே பாய்கிறது. மூக்குக்கண்ணாடியில் படிவதுபோல் நீர் படிகிறது. அதற்கு மாறாக, குளிரை நிறுத்தி விசிறியை மட்டும் அரைமணி நேரம் ஓடவிட்டால், சுருளும் உலரும், அறையும் வெதுவெதுப்பாகும். அதன்பின் சன்னலைத் திறக்கலாம்.

இதிலே உடல்நலமும் அடங்கியிருப்பதால்தான் இவ்வளவு விரித்தேன். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோர்க்கு மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் மிகுதி என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் தெளிவாகக் கூறுகிறது. இரவெல்லாம் இருமிவிட்டு வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையின் வீட்டில், மருந்துப் புட்டியோடு குளிரூட்டியின் வாயையும் பார்க்கவேண்டும்.

நூல்களின் நிலையும் இத்தகையதே. பெற்றோர் சங்கத்தின் நன்கொடையில் குளிரூட்டி பெற்ற ஒரு பள்ளியின் நூலகத்தை நான் பார்த்திருக்கிறேன். பகலில் ஆறுமணி நேரம் குளிர். இரவிலும் வார இறுதியிலும் இறுக மூடிய அறையில் புழுக்கம். ஆண்டிறுதி விடுமுறையோ மழைக்காலத்தோடு கூடி வந்தது. திறந்தபோது அகராதி வரிசை முழுவதும் வெண்சாம்பல் பூத்திருந்தது. அதே பள்ளியில், கம்பிவலைச் சன்னலும் மேல்விசிறியும் மட்டுமே உள்ள பழைய அறையில் வைத்த நூல்களுக்கு அவ்வளவு கேடில்லை. விட்டுவிட்டுக் குளிர்விப்பது ஏட்டுக்கு ஆகாது. தொடர்ந்து ஓட்டப் பணமில்லாத பள்ளி, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைத்து, கீழும் மேலும் காற்று நடக்கவிடுவதே மேல்.

வீட்டுக்கும் இதே முறை பொருந்தும். சுவரோடு ஒட்டிய அலமாரியின் பின்புறக் காற்று அசைவதில்லை. அறையின் நடுவில் 60 விழுக்காடு இருக்கையில் அங்கே 80ஐத் தாண்டும். முற்காலத்தில் துணி அலமாரிக்குள் சிறு மின்விளக்கு எரியவிட்டு வெம்மை ஊட்டியவர்கள் இதனை அறிந்தே செய்தனர். இப்போது சில வெள்ளிக்கே ஈரப்பதமானிகள் கிடைக்கின்றன. ஒன்று வாங்கி, ஒருநாள் அறையின் நடுவிலும், மறுநாள் அலமாரியின் பின்னும், மூன்றாம் நாள் குளிரூட்டி நின்ற பின்னரும் வைத்துப் பார்த்தால், பொறியை எத்தனை பாகையில், எத்தனை மணிநேரம் ஓட்டுவது என்பதை வீட்டுக்காரரே கணித்துக்கொள்ளலாம்.